காரணம் தெரியாத வீக்கம்

ஊரிலேயே பெரிய பிரசவ ஆஸ்பத்திரி அது. ஏழு மாடி. வாசலிலிருந்து மொட்டைமாடிக் கதவு வரைக்கும் சுவரெங்கும் ஒரே பெண்ணின் படம்தான். வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, முதுகுவலி என்றால் என்னவென்றே தெரியாத முகத்தோடு சிரித்துக்கொண்டிருப்பாள். கீழே ‘தாய்மையைப் போற்றுவோம்’ என்று எழுதியிருக்கும். அந்த ஆஸ்பத்திரியில் மருந்துக்குக்கூட ஒரு கர்ப்பிணி நர்ஸ் கிடையாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று விதியே இருந்தது.

அந்த விதி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன்னால் வேலை கேட்டு வந்த ஒரு கர்ப்பிணியிடம் மேட்ரன் அம்மாள், “போய்ப் பெத்து முடிச்சுட்டு சாவகாசமா வாம்மா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் நேரே கோர்ட்டுக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரி பேப்பரில் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. வேறு இடமாக இருந்தால், சனியன் விட்டது என்று கர்ப்பிணிகளுக்கும் வேலை கொடுத்திருப்பார்கள். இவர்கள் படித்தவர்கள் ஆயிற்றே! சமவாய்ப்பு அதிகாரி என்று ஒருவரை நியமித்தார்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேசுகிற மனிதர். அவர் மூன்று மாதம் அறைக்குள் உட்கார்ந்து யோசித்து ஒரு விதி எழுதினார். வேலைக்கு வருகிறவர் கர்ப்பமாக இருந்தால் அதை எந்த ஊழியரும் கேட்கவோ, பேசவோ, எழுதவோ கூடாது. கடைசியில் தன் சொந்த உற்சாகத்தில் ‘பார்க்கவோ’ என்றும் ஒரு சொல்லைச் சேர்த்தார். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

இந்த இடத்துக்குத்தான் எட்டாவது மாதத்தில் வேலை கேட்டு வந்து சேர்ந்தாள் கைராசி.

பத்து வருடம் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் பிரசவம் பார்த்தவள். அவள் கையில் பிறந்த எந்தப் பிள்ளையும் அழத் தாமதித்ததில்லை என்பதால் வந்த பேர் அது. அந்த நர்ஸிங் ஹோமை நடத்திய டாக்டர் வயதாகிவிட்டது என்று மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது அங்கே சோபா விற்கிறார்கள். இந்த லட்சணத்தில் குடியிருந்த வீட்டையும், மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். மாதக் கடைசி கெடு. வேறு வீடு பார்க்கப் போனால், “நிரந்தர வேலை யாருக்கு?” என்பதுதான் முதல் கேள்வி. அவள் கணவனுக்கு வயரிங் வேலை. கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. இந்த ஆஸ்பத்திரியிலோ நர்ஸாகச் சேர்ந்தால் பின்கட்டில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் உண்டு என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. பிள்ளை வருவதற்குள் தலைக்கு மேல் ஒரு கூரை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“வயித்தப் பாத்தா வேலை குடுப்பாங்களா?” என்று கணவன் இழுத்தான்.

“பிரசவ ஆஸ்பத்திரிங்க அது. அவங்க பாக்காத வயிறா?” என்றாள் அவள். பாவம், அவளுக்கு விதி தெரியாது.

நேர்காணல் அறையில் மூன்று பேர். நடுவில் மேட்ரன் அம்மாள். பக்கத்தில் சமவாய்ப்பு அதிகாரி. ஓரத்தில், பேசுவதையெல்லாம் டைப் செய்கிற குமாஸ்தா. கதவைத் திறந்துகொண்டு முதலில் வயிறும் பின்னால் கைராசியும் நுழைந்தார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார்கள்.

“உக்காருங்க” என்றார் மேட்ரன், மின்விசிறியிடம்.

அவள் உட்கார்ந்ததும் அதிகாரி எழுந்து, மூலையிலிருந்த பூந்தொட்டியை மூச்சு வாங்கத் தூக்கிவந்து மேஜைமேல் அவள் வயிற்றுக்கு நேராக வைத்தார். “இது எல்லாருக்கும் செய்யறதுதான்” என்று கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கேள்விகள் ஆரம்பித்தன. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காமல் போனால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்வாய்? கைராசி சொன்னாள். கொடி சுற்றியிருந்தால்? சொன்னாள். டாக்டர் வந்து சேராவிட்டால்? “பாதி நாள் அப்படித்தாம்மா நடக்கும்” என்றாள். மேட்ரன் தன்னை மறந்து சிரித்துவிட்டார். சிரிக்கும்போது கண் பூந்தொட்டியைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. அதிகாரி இருமினார். கண் மறுபடி மின்விசிறிக்குப் போயிற்று.

“சரி... அடுத்த மாசம், அதுக்கு அடுத்த மாசம்... உங்களுக்கு வெளியூர்ப் பயணம் அது இதுன்னு ஏதாவது?”

“இல்லம்மா.”

“வீட்டுக்கு யாராவது வர்ற மாதிரி? புதுசா? வந்து கொஞ்ச நாள் தங்கற மாதிரி?”

“ஆமாம்மா, குழந்தை...”

“ஐயையோ!” அதிகாரி நாற்காலியிலிருந்து துள்ளினார். “நாம கேக்கல! அவங்களாத்தான் சொன்னாங்க! குமாஸ்தா, எழுதாதீங்க!”

“எழுதிட்டேனே சார்.”

“என்னன்னு?”

“வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்னு.”

அதிகாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நல்லது. இருக்கட்டும். விருந்தாளிகள் விஷயத்துல நம்மகிட்ட எந்தப் பாகுபாடும் கிடையாது.”

கைராசிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “அம்மா, இதுல ஒளிக்க என்ன இருக்கு? எனக்கு எட்டு மாசம். வலி வர்ற வரைக்கும் வேலை பாப்பேன். சட்டப்படி உள்ள லீவு குடுத்தா முடிஞ்சதும் வந்துருவேன். நேராவே பேசிடலாமே?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வாஞ்சையோடு துடைத்தார். “உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், கேட்டுக்குங்க. நேரா பேசினா, வேண்டாம்னு நாங்க நேரா சொல்லணும். அது பாகுபாடு. நேரா பேசாததால, உங்கள வேண்டாம்னு சொல்ல எங்களுக்கு இதுவரைக்கும் ஒரு காரணமும் கிடைக்கல. எவ்வளவு பெரிய பாதுகாப்பு பாருங்க! அந்தக் காரணத்த யாரையும் புண்படுத்தாம கண்டுபிடிக்கத்தான் மருத்துவப் பரிசோதனைன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். தைரியமா போயிட்டு வாங்க.”

வேலைக்குத் தேர்வு ஆகிவிட்டாள். உடற்தகுதிச் சான்று மட்டும்தான் பாக்கி.

சான்று தர வேண்டிய டாக்டர் முப்பது வருடத்தில் பல்லாயிரம் பிரசவம் பார்த்தவர். கைராசியின் நடையைப் பார்த்தே எத்தனையாவது வாரம் என்று சொல்லிவிடக்கூடியவர். அவர் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது?” என்று கேட்டார்.

“நீங்களே இப்படிக் கேக்கலாமா டாக்டர்?”

டாக்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். “கட்டம் இல்லையேம்மா, நான் என்ன செய்ய? முன்ன கர்ப்பம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. பாகுபாடுன்னு அத எடுத்துட்டாங்க. இப்ப வயிறுன்னா ரெண்டே கட்டம். சாதாரணம், இல்லன்னா வீக்கம். சாதாரணம்னு எழுதினா பொய் ஆயிடும். முப்பது வருஷமா நான் பொய் எழுதினதில்ல.”

வீக்கம் என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினார். எழுதிவிட்டு, “ராத்திரி இடது பக்கமா ஒருக்களிச்சுப் படும்மா, மூச்சு முட்டாது” என்று மெதுவாகச் சொன்னார்.

வீக்கம் என்றால் அறுவைப் பிரிவுக்குப் போயாக வேண்டும். அங்கே ஒரு இளம் டாக்டர் அழுத்திப் பார்த்தார். உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது. ‘வீக்கம், தொட்டால் எதிர்ப்புத் தெரிவிக்கிறது’ என்று குறித்துக்கொண்டார். அங்கிருந்து ஸ்கேன். ஸ்கேன் எடுக்கிற பெண் திரையைப் பார்த்தாள், கைராசியைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். “என்னன்னுக்கா எழுதறது? வீக்கம் விரல் சூப்புது” என்றாள். கடைசியில் ‘வீக்கத்துக்கு முதுகெலும்பு உள்ளது’ என்று மட்டும் எழுதிவிட்டு, “இந்தக் கட்டடத்துலேயே அது இருக்கற ஒரே ஆள் இதுதான்க்கா” என்றாள்.

போதாக்குறைக்கு இதயப் பிரிவு. அங்கே இருந்தவர் படு சிரத்தையான மனிதர். அரை மணி நேரம் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “ஒரு துடிப்பு எழுபத்தெட்டு. பரவாயில்ல. இன்னொண்ணு நூத்தி நாப்பது ஓடுது. ஒரே ஆளுக்கு ரெண்டு இதயம் துடிக்குதுன்னா வேலைக்கு எப்படிம்மா அனுப்பறது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே.”

இந்தக் கூத்தெல்லாம் முடிய மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் ஒரு கடிதம் வந்தது. ‘காரணம் தெரியாத வீக்கத்துக்காகத் தாங்கள் உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெறவும். வீக்கம் குணமானதும் நியமன உத்தரவும் குவார்ட்டர்ஸும் வழங்கப்படும். சேர மறுத்தால் தங்கள் பெயர் நீக்கப்படும்.’ அன்றைக்குத் தேதி இருபத்தொன்பது. கணவன் கட்டில், பாத்திரம், மின்விசிறி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டில் இறக்கினான். கைராசி கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள்.

வீக்கத்துக்கு என்று தனி வார்டு இல்லாததால் மூன்றாம் மாடிப் பிரசவ வார்டிலேயே இடம் கொடுத்தார்கள். பத்தாம் நம்பர் படுக்கை. அந்த வார்டில் நாற்பது படுக்கை. இருக்க வேண்டிய நர்சுகள் ஆறு. இருந்தது ஒரே ஒருத்தி. அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்கே மூச்சு வாங்கும். கைராசி ஒரு நாள் பொறுத்தாள். இரண்டாம் நாள், வலியில் ஒரு சின்னப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலற, மணியடித்தும் யாரும் வராமல் போக, நோயாளிக்குக் கொடுத்த பச்சை அங்கியோடு எழுந்து போய்விட்டாள். கால் மணி நேரத்தில் பிள்ளை வந்தது. கையில் வாங்கியதுமே அழுதது.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? “பத்தாம் நம்பர் அக்காவக் கூப்பிடுங்க” என்று வார்டே அவளைத்தான் தேடியது. மேட்ரன் பார்வையிட வந்தார். பச்சை அங்கி போட்ட நோயாளி ஒருத்தி ஒன்பது மாத வயிற்றோடு நாடி பிடித்துக்கொண்டிருந்தாள். மேட்ரன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, “நோயாளி கொஞ்சம் நடமாடறது உடம்புக்கு நல்லதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள், மூன்றாம் மாடியில் பணி சுமுகமாக நடப்பதால் அங்கிருந்த ஒரே நர்ஸை ஐந்தாம் மாடிக்கு மாற்றி உத்தரவு வந்தது. கேட்டீர்களா அநியாயத்தை!

கைராசிக்கு வலி வந்ததும் அந்த வார்டில்தான். தன் பிரசவத்துக்கு வேண்டிய தட்டைத் தானே அடுக்கினாள். ஆயாவுக்குத் தானே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். டாக்டர் வந்து கையுறை மாட்டுவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. “பொண்ணு!” என்று பக்கத்துப் படுக்கைக்காரி கத்தினாள். கைராசி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஃபைலில், ‘வீக்கம் இயல்பான முறையில் வெளியேறியது’ என்று பதிவாயிற்று.

மறுநாள் காலை குமாஸ்தா ஒரு காகிதத்தோடும் கண்ணாடி ஜாடியோடும் வந்து நின்றார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. உடம்புலேருந்து வெளிய எடுத்த வீக்கம் எதுவா இருந்தாலும் லேபுக்கு அனுப்பணும்னு விதி. லேப் ரிப்போர்ட் வந்தாத்தான் குணமாச்சுன்னு எழுத முடியும்.” ஜாடியையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். “இது பத்தாதுன்னா பெரிய ஜாடியா கொண்டு வரட்டுங்களா?”

“இன்னும் ஒரு அடி எடுத்து வெச்சீங்கன்னா அந்த ஜாடி உங்க தலையில உடையும்!” என்றாள் கைராசி.

குமாஸ்தா கோபித்துக்கொள்ளவில்லை. மூன்று பிள்ளை பெற்றவர். ‘மாதிரி கிடைக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டு, குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

மாதிரி இல்லாததால் ரிப்போர்ட் இல்லை. ரிப்போர்ட் இல்லாததால் அவள் குணமாகவில்லை. குணமாகாததால் வேலையும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை, வீட்டுக்கு அனுப்பவும் வழியில்லை. இப்படியே மூன்று வாரம். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் ரத்த அழுத்தக் கருவியுமாகக் கைராசி நாற்பது படுக்கைக்கும் நடந்துகொண்டிருந்தாள். பச்சை உடம்பு, இடுப்பு விட்டுப்போய்விட்டது.

பார்வையாளர் நேரத்தில் கணவன் வந்தான். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டான்.

“அண்ணி புதுசா கார் வாங்கறாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஷெட்ட ஒழிச்சுக் குடுக்கச் சொல்றாங்க.”

“ம்.”

“நீ இங்க படற பாட்ட என்னால பாக்க முடியல. வா, போயிடலாம்.”

“எங்க?”

அவன் குழந்தையின் காலுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். இத்தனை பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டுவந்தவள், தன் பிள்ளையைக் கொண்டுபோய்ப் படுக்கவைக்க ஒரு மூலை இல்லையே என்று நினைத்தபோது கைராசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இதையெல்லாம் ஒன்பதாம் நம்பர் படுக்கைக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். இரட்டைப் பிள்ளை என்று இரண்டு மாதமாகப் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது அவளுக்கு. அதனால் வாய் மட்டும் நன்றாக நடக்கும்.

“ஏம்மா, நான் கேக்கறேன்னு நெனச்சுக்காத. நீ இங்க நர்ஸா?”

“இல்லக்கா.”

“பின்ன?”

“நோயாளி.”

“அப்ப எதுக்கு எந்திரிக்கற? படு.”

“யாராவது வலியில கூப்பிடும்போது எப்படிக்கா படுத்துக் கெடக்கறது?”

“நாளைக்கு சுகாதாரத் துறை இயக்குநர் வர்றாராம். பாகுபாடே இல்லாத ஆஸ்பத்திரின்னு இவங்களுக்கு ஏதோ கேடயம் குடுக்கறாராம். போட்டோ எல்லாம் எடுக்கறாங்களாம்.” ஒன்பதாம் நம்பர் குரலைத் தாழ்த்தினாள். “நெஜமா யாருக்காச்சும் வலி வந்தா நீ எந்திரி. வேணாங்கல. ஆனா நாளைக்குக் காலையில எங்க எல்லாருக்கும் சும்மா வலி வரப்போகுது. அதுக்கு நீ வர வேணாம்.”

மறுநாள் பத்து மணிக்கு மூன்றாம் மாடி தரையெல்லாம் பளபளத்தது. இயக்குநரின் கார் கீழே வந்து நின்றது என்று சேதி வந்ததும் ஒன்பதாம் நம்பர் மணியை அழுத்தினாள். பதினொன்று அழுத்தியது. இருபது அழுத்தியது. முப்பத்தாறாம் நம்பர், நேற்றே பெற்று முடித்தவள், எல்லோரையும்விடப் பெரிதாக, “ஐயோ அம்மா!” என்று அலறினாள். மேட்ரன் தலைதெறிக்க ஓடிவந்தார். பின்னாலேயே சமவாய்ப்பு அதிகாரி, அவருக்குப் பின்னால் ஃபைலோடு குமாஸ்தா.

கைராசி போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் படுத்திருந்தாள்.

“என்னம்மா இப்படிப் படுத்துட்ட?”

“நோயாளி வேற என்னம்மா செய்வா?”

“மணி அடிக்குதே, கேக்கலியா?”

“கேக்குதும்மா. நானும் அடிச்சேன். நர்ஸ் யாரும் வரல.”

மேட்ரன் கையைப் பிசைந்தார். லிப்ட் மேலே வருகிற சத்தம் கேட்டது. இத்தனை நாள் மின்விசிறியைப் பார்த்துப் பேசியவர் முதல்முறையாகக் கைராசியின் முகத்தைப் பார்த்தார். “உனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொல.”

“வேலைக்கு உத்தரவு. குவார்ட்டர்ஸ் சாவி. அப்புறம், என் ஃபைல்ல வீக்கம்னு எழுதியிருக்கற எடத்துல எல்லாம் குழந்தைன்னு எழுதணும்.”

“முடியவே முடியாது!” என்று அதிகாரி குறுக்கே பாய்ந்தார். “குழந்தைன்னு எழுதினா இவங்க கர்ப்பமா இருந்தத நாம பாத்ததா ஆயிடும்! நாலு வருஷமா இந்த ஆஸ்பத்திரி ஒரு கர்ப்பிணியக்கூடப் பாத்ததில்ல மேடம்! அதுக்குத்தான் இன்னைக்குக் கேடயமே குடுக்கறாங்க!”

“நீங்க கொஞ்சம் வாய மூடுங்க” என்றார் மேட்ரன். அந்த நான்கு வருடத்தில் அந்த ஆஸ்பத்திரியில் பேசப்பட்ட முதல் நேரான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். குமாஸ்தாவின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். வீக்கம் என்பதை அடித்தார். ‘குழந்தை. பெண். இரண்டு கிலோ எண்ணூறு’ என்று மடமடவென்று எழுதினார். எடையை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கீழே இன்றைய தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். இரண்டு மாதமாக நகராத நியமன உத்தரவு, குமாஸ்தாவின் ஃபைலுக்குள்ளிருந்தே டைப் செய்து தயாராக வெளியே வந்தது. சாவியும் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

கைராசி உத்தரவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். சாவியை வாங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

அதிகாரிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டி, தோற்றாலும் கௌரவமாகத் தோற்க வேண்டும் என்பதுபோல் உரக்கப் படித்தார். “குழந்தைன்னு வந்தாச்சுன்னா நம்ம விதி மாதிரி தாராளமான விதி எங்கயும் கிடையாது, தெரிஞ்சுக்குங்க. பணியாளருக்குக் குழந்தை பதிவான நாள்லேருந்து இருபத்தாறு வாரம், முழுச் சம்பளத்தோட பிரசவ விடுப்பு! கேக்காமலே உண்டு. மறுக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது.”

“பதிவான நாள்லேருந்தா சார்?”

“ஆமா.”

“இன்னைக்குத்தானே பதிவாச்சு?”

அதிகாரி மேட்ரனின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

கைராசி படுக்கையை விட்டு மெதுவாக இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். “அப்ப இருபத்தாறு வாரம் கழிச்சு வர்றேன்மா” என்று மேட்ரனிடம் பணிவாகச் சொன்னாள். ஒன்பதாம் நம்பர் படுக்கையைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தாள். பின்கட்டுக்குப் போகிற படிக்கட்டில், நின்று நின்று, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

லிப்ட் கதவு திறந்தது. கேடயத்தோடு இயக்குநரும் கேமராவோடு போட்டோக்காரரும் வெளியே வந்தார்கள். நாற்பது மணியும் அடித்துக்கொண்டிருந்தன. வார்டில் வெள்ளை உடையில் நின்றது ஒரே ஒருவர்தான்.

“சிஸ்டர்!” என்று ஒன்பதாம் நம்பர் மேட்ரனைப் பார்த்துக் கூப்பிட்டாள். “எவ்வளவு நேரமா கூப்பிடறேன்! இந்தத் தலகாணியக் கொஞ்சம் சரி பண்ணுங்க.”

மேட்ரன் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் குனிந்து தலையணையைச் சரி செய்தார்.